வக்கீல் கவுனும் படைச் சீருடையும்

கேள்வி: தேவகோட்டை நீதிமன்றத்தில் ஜூனியராகத் தொழில் பழகி வருகிறேன். சிற்றூர் வக்கீலாகத் தொடங்கிச் சட்டமன்றம் போய், பதவியில் இருக்கும்போதே போர்முனைக்கும் சென்றவர் எவரேனும் உண்டா?
- வாசகர், தேவகோட்டை

பதில்: உண்டு. எட்வர்ட் டிக்கின்சன் பேக்கர் என்பது அவர் பெயர். 1811-இல் லண்டனில் பிறந்து, சிறுவயதிலேயே பெற்றோருடன் அமெரிக்கா சென்ற அவர், 1835-இல் இல்லினாய் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் வக்கீல் தொழிலை நடத்த வந்தார். அப்போது அது மாநிலத் தலைநகராகக்கூட ஆகியிராத சிற்றூர். 1837-இல் அங்கே தொழில் தொடங்க வந்த இன்னொரு வக்கீல் ஆபிரகாம் லிங்கன். 1843-இல் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) தேர்தலுக்கு உள்ளூர்க் கட்சிக்காரர்கள் லிங்கனை விட்டுவிட்டுப் பேக்கரை முன்மொழிந்தனர். தான் விரும்பிய பெண்ணை மணக்கப்போகிறவனுக்கே மாப்பிள்ளைத் தோழனாக நிற்பதுபோல் இருக்கிறது என்று லிங்கன் நண்பருக்கு எழுதினார். ஆனாலும் நட்பு கெடவில்லை. 1846-இல் பிறந்த தம் இரண்டாம் மகனுக்கு அவர் எட்வர்ட் பேக்கர் என்றே பெயரிட்டார்.

மாநிலச் சட்டமன்றத்திலும் பின்னர் காங்கிரஸிலும் அமர்ந்த பேக்கர், மெக்சிகோ போரில் கர்னலாகப் படை நடத்தினார். பிறகு கலிஃபோர்னியாவில் தொழில் நடத்தி, 1860-இல் ஓரிகன் மாநிலத்திலிருந்து காங்கிரஸின் மேலவையான செனட்டுக்குத் தேர்வானார். உள்நாட்டுப் போர் மூண்டதும் ஒரு படைப்பிரிவைத் திரட்டிய அவர், 1861 ஆகஸ்டில் சீருடையோடு செனட்டுக்குள் வந்து, எதிர்த்துப் பேசியவருக்கு அங்கேயே பதிலடி கொடுத்தார்.

அவருடைய வீரத்தில் குறை சொல்ல இடமில்லை; முன்னேற்பாட்டில்தான் குறை. 1861 அக்டோபர் 21 அன்று, வர்ஜீனியாவில் பொட்டோமாக் ஆற்றங்கரையின் பால்ஸ் பிளஃப் என்னும் செங்குத்தான மேட்டுக்குப் படையை அனுப்பியபோது, ஆற்றைக் கடக்கக் கைவசம் இருந்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய படகுகளே. அக்கரை நிலவரத்தைப் பார்ப்பதற்கு முன், கால்வாயிலிருந்து ஒரு படகை ஆற்றுக்கு இறக்கும் வேலையில் அவருடைய பொழுது கழிந்தது. கேஸ் கட்டைப் பிரிக்காமல் கோர்ட்டுக்குப் போக எந்த வக்கீலும் துணியமாட்டார். அன்று பேக்கர் துணிந்தார். மாலையில் அவர் சுடப்பட்டு வீழ்ந்ததும், பின்வாங்கிய வீரர்களுக்குப் படகு போதாமல் பலர் நீரில் மூழ்கினர். பதவியில் இருக்கும்போது போரில் உயிரிழந்த ஒரே அமெரிக்க செனட்டர் அவர்தான்.

இறந்தவரைக் குறை கூற யாருக்கும் மனம் வரவில்லை போலும், பழி அவருடைய மேலதிகாரியான சார்லஸ் ஸ்டோன் தலையில் விழுந்தது. குற்றப்பத்திரிகைகூட இல்லாமல் அவர் ஆறு மாதத்துக்கும் மேலாகச் சிறையில் இருந்தார். வக்கீலான உமக்கு இந்தப் பகுதிதான் அதிகம் உறுத்தும்.

கேள்வி: நம் நாட்டில் எம்.பி. ஒருவர் ராணுவ அதிகாரியாகவும் இருக்க முடியுமா?
- வாசகி, காரைக்குடி

பதில்: முழுநேர ராணுவத்தில் முடியாது. பகுதிநேரத் தொண்டர் படையான பிராந்திய ராணுவத்தில் முடியும். அதன் அதிகாரி பதவி எம்.பி.க்குத் தகுதியிழப்பைத் தராது என 1959-ஆம் ஆண்டுச் சட்டம் விலக்களித்துள்ளது. சச்சின் பைலட் 2012-இலும், அனுராக் தாக்கூர் 2016-இலும் மக்களவை உறுப்பினர்களாக இருந்தபடியே அதில் அதிகாரிகளாகச் சேர்ந்தனர்.