எதிர்வீட்டு ஏணி

வணக்கம் ஐயா,

எனக்கு வயது 51. இந்த அடுக்ககத்தில் ஒன்பது வருடங்களாகக் குடியிருக்கிறோம். போன மாதம் மனைவி ஊரில் இல்லாத நாளில் குளியலறையில் வழுக்கிக் கணுக்கால் பிசகிவிட்டது. கைபேசியில் நானூறு பேருடைய எண்கள் இருக்கின்றன. எதிர்வீட்டுக்காரர் எண் இல்லை. அவர் பெயரே எனக்குத் தெரியாது. கடைசியில் வேறு ஊரில் இருக்கும் தம்பியை அழைத்தேன், அவன் ஆள் அனுப்பினான். கால் தேறிவருகிறது, இந்த விஷயம்தான் உறுத்திக்கொண்டே இருக்கிறது. இந்த வயதில் போய்க் கதவைத் தட்டி "பழகலாமா" என்று கேட்க முடியுமா? இளமையில் கிடைத்த மாதிரி நண்பர்கள் இனி அமையப்போவதும் இல்லை. பிறகு எதற்கு இந்த வேஷம் என்றும் தோன்றுகிறது.

ச.

அன்புள்ள ச. அவர்களுக்கு,

"பழகலாமா" என்று எந்த வயதிலும் யாரும் கேட்பதில்லை. சின்னப் பிள்ளைகள்கூடப் பந்தைத்தான் கேட்கும்.

நட்பையும் அக்கம்பக்கத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள். நட்புக்குக் கூடி இருப்பதும் பழகுவதும்கூட வேண்டாம், ஒத்த உணர்ச்சி போதும் என்கிறார் வள்ளுவர். கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் பார்க்காமலே நண்பர்கள். அக்கம்பக்கம் இதற்கு நேர் எதிர். அங்கே உணர்ச்சி பின்னால் வரலாம், வராமலும் போகலாம். முதல் போடுவது பழக்கம்தான்.

ஃபெஸ்டிங்கர், ஷாக்டர், பேக் என்ற மூன்று ஆய்வாளர்கள் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் மணமான மாணவர்களுக்கான குடியிருப்பை ஆராய்ந்து 1950இல் வெளியிட்டார்கள். அங்கே யார் யாருக்கு நெருக்கம் என்பதைக் கதவுக்கும் கதவுக்கும் உள்ள தூரமே பெரிதும் தீர்மானித்திருந்தது. மாடிப்படியை ஒட்டிக் குடியிருந்தவர்களுக்கு மேல்தளத்திலும் சிநேகிதம். ஆனால் அவர்கள் எல்லோரும் இளம் தம்பதிகள், ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தவர்கள். உங்கள் எதிர்க்கதவும் அதே தூரத்தில்தான் இருக்கிறது. இடையில் பெற்றோரின் மருத்துவம், பிள்ளைகளின் படிப்பு, வேலை, முதுகுவலி எல்லாம் வந்து உட்கார்ந்துகொண்டன.

இன்னொரு கணக்கும் உண்டு. ஜெஃப்ரி ஹால் என்ற ஆய்வாளர் 2018இல் சொன்னது: அறிமுகமானவர் சாதாரண நண்பராவதற்குச் சேர்ந்து கழித்த நேரம் சுமார் 50 மணி ஆக வேண்டும், நெருங்கிய நண்பராவதற்கு 200 மணிக்கு மேல். லிஃப்டில் தினமும் இரண்டு நிமிடம் என்று வைத்துப் பார்த்தேன். 200 மணி நேரம் சேர 16 வருடம் ஆகிறது! 50 மணிக்கு நான்கு வருடம் போதும், அதை நீங்கள் எப்போதோ தாண்டிவிட்டீர்கள். ஆனால் அவரவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தை ஹால் கணக்கில் சேர்த்துக்கொள்ள மாட்டார்.

ஆகவே நெருங்கிய நண்பர் என்ற ஆசையை இப்போதைக்கு மூட்டை கட்டி வையுங்கள். உங்களுக்கு வேண்டியது, விழுந்தால் கூப்பிட ஒரு ஆள். அதைத் தேடுவதில் வேஷம் எதுவும் இல்லை.

என் கதையைச் சொல்கிறேன். நல்ல அண்டைவீட்டான் என்று என்னைப் பற்றி எனக்கு ரொம்ப நாள் ஒரு நினைப்பு. யார் கேட்டாலும் ஓடிப் போவேன், எதையும் யாரிடமும் கேட்க மாட்டேன். ஒருநாள் மேல்வீட்டு அம்மாவின் பெட்டியைத் தூக்கப் போனேன். "வேண்டாங்க, உங்ககிட்ட வாங்கிக்கிட்டே இருக்க ஒரு மாதிரியா இருக்கு. நீங்க எங்ககிட்ட ஒண்ணுமே கேட்டதில்லையே" என்றார். சுருக்கென்று இருந்தது. நான் பெருந்தன்மை என்று நினைத்திருந்தது அவருக்குக் கடனாகத் தெரிந்திருக்கிறது. அடுத்த வாரம் பல்பு மாற்ற ஏணி கேட்டுப் போனேன் (சொந்த ஏணி பரணில் கிடந்தது, இதை இதுவரை அவரிடம் சொல்லவில்லை). அவர் கணவர் ஏணியைத் தானே தூக்கிவந்து, நான் ஏறியபோது கீழே பிடித்துக்கொண்டும் நின்றார். இன்று எங்கள் வீட்டு மாற்றுச்சாவி அவர்கள் வீட்டில் இருக்கிறது.

பழைய அமெரிக்கத் தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் இப்படி ஒன்றைச் செய்திருக்கிறார். சட்டமன்றத்தில் தன்னை எதிர்த்த ஒருவரிடம் அரிய புத்தகம் ஒன்றை இரவல் கேட்டு வாங்கி, ஒரு வாரத்தில் நன்றிக் குறிப்போடு திருப்பிக் கொடுத்தார். பிறகு அந்த மனிதர் கடைசிவரை நண்பராக இருந்தார் என்று ஃபிராங்க்ளினே எழுதுகிறார். ஃபிராங்க்ளின் அரசியல்வாதி, உள்ளே கணக்கு இருந்திருக்கும். இருக்கட்டுமே, புத்தகம் ஒழுங்காகத் திரும்பிப் போனதல்லவா.

நடுவயதில் நமக்குக் கொடுக்கத் தெரிகிறது. கேட்பதற்குத்தான் கூசுகிறது. உங்களுக்கோ காரணம் காலிலேயே கட்டுப்போட்டு இருக்கிறது! கதவைத் தட்டி, "கால் பிசகியிருக்கிறது, அவசரம் என்றால் கூப்பிட உங்கள் நம்பர் கிடைக்குமா" என்று கேளுங்கள். அவ்வளவு போதும், முதல் நாளே உள்ளே போய் உட்கார்ந்துவிட வேண்டாம். அவர் முகம் சுளித்தால் பக்கத்துக் கதவு இருக்கிறது. எல்லோருக்கும் இதில் விருப்பம் இருக்காது, அதில் தவறும் இல்லை.

என்ன நடந்தது என்று எழுதுங்கள். அந்தக் கடிதத்தில் "எதிர்வீட்டுக்காரர்" என்று இருக்காது என்று நினைக்கிறேன்.