ஒரு பள்ளி, இரண்டு தலைமை: மேலாண்மைக் குழுவினர் கேட்டவை

அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில், பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்து பள்ளியைக் கவனிக்கும் மேலாண்மைக் குழுவின் தலைவியாக இருந்தேன். காலம் முடிந்த பிறகும், பக்கத்து ஊர்க் குழுக்களில் உரசல் என்றால் என்னைக் கூப்பிடுகிறார்கள். இந்த முறை வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கேள்வி: நான் தலைவி. துணைத்தலைவி என்னைக் கேட்காமலேயே வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்புப் போடுகிறார். பெற்றோர் அவரைத்தான் தலைவி என்று நினைக்கிறார்கள்.

பதில்: குழுவிலேயே பதில் போட்டுவிடாதீர்கள். நான் போட்டேன். ராத்திரி பதினொரு மணிக்கு, "இங்கே தலைவி யார்?" என்று. காலையில் அழித்தேன், அதற்குள் ஊரே படித்துவிட்டது. மூன்று வாரம் அந்த அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்புறம் நானே அவர் வீட்டுக்குப் போனேன். விசாரித்தால் விஷயம் இவ்வளவுதான்: நான் நூறு நாள் வேலையில் இருக்கும்போது போனை எடுப்பதில்லை. தலைமையாசிரியர் அவரைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார், அவர் போட்டிருக்கிறார்.

அன்றே ஒரு நோட்டில் எழுதினோம். காலை உணவைப் பார்த்து வருவது அவர். பள்ளிக்கு வராத பிள்ளைகளின் வீட்டுக்குப் போவது நான். கூட்ட அறிவிப்பு நான் போடுவது. அவசரம் என்றால் யார் வேண்டுமானாலும் போடலாம், ஆனால் மற்றவருக்கு ஒரு போன் செய்துவிட வேண்டும். நீங்களும் நேரில் போங்கள். "நீங்க எப்பவுமே இப்படித்தான்" என்று ஆரம்பிக்காமல், எந்த நாள், எந்த அறிவிப்பு என்று ஒன்றை மட்டும் எடுத்துப் பேசுங்கள்.

கேள்வி: எங்கள் தலைவி வாயே திறப்பதில்லை. அவர் கணவர் வந்து உட்கார்ந்து முடிவு சொல்கிறார். துணைத்தலைவர் நான் எதற்கு?

பதில்: தம்பி, கோபம் நியாயம்தான். 2009 கல்வி உரிமைச் சட்டம், குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் என்று சொல்வது பெண்கள் பேசட்டும் என்றுதான். ஆனால் கூட்டத்தில் வைத்து அவர் கணவரோடு மோதினால், அடுத்த கூட்டத்துக்கு அந்தப் பெண் வரமாட்டார். முந்தின நாளே என்னென்ன பேசப்போகிறோம் என்று தலைவியிடம் சொல்லிவிடுங்கள். கூட்டத்தில் "தலைவி என்ன சொல்றீங்க?" என்று பெயர் சொல்லிக் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். முதல் தீர்மானத்தை அவரே வாசிக்கட்டும். உறுப்பினர் அல்லாதவர் வெளியே இருக்க வேண்டும் என்பதைத் தலைமையாசிரியர் சொல்வதுதான் முறை.

கேள்வி: ஆண்டு விழாவுக்கு வசூலித்த பணம் இன்னொரு பொறுப்பாளர் கையில் இருக்கிறது. பில் கேட்டால் "என்மேல் சந்தேகமா?" என்கிறார்.

பதில்: சந்தேகம் என்ற பேச்சுக்கே போகாதீர்கள். உங்கள் கணக்கை முதலில் கூட்டத்தில் வையுங்கள், ரசீதோடு. அப்புறம் எல்லோருடையதும் வரட்டும். குழுவின் பணம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும், ஆண்டுதோறும் தணிக்கை ஆக வேண்டும். அதனால் இது அவரை மட்டும் குறிவைத்த கேள்வி ஆகாது. அப்படியும் தராவிட்டால் தீர்மானப் பதிவேட்டில் தேதியோடு எழுதுங்கள்.

கேள்வி: நோட்டீஸில் யார் பெயர் முதலில், யாருக்கு முதல் பொன்னாடை என்று சண்டை.

பதில்: பொன்னாடையே வேண்டாம். அந்தக் காசில் நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். இதற்கு மேல் எனக்குப் பொறுமை இல்லை.

கேள்வி: பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் மேலாண்மைக் குழுவை மதிப்பதே இல்லை. "நாங்கதான் பழசு" என்கிறார்.

பதில்: பழசுதான், அதை ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது சட்டப்படி மேலாண்மைக் குழுவின் வேலை. அதை எழுதும்போது அவரையும் கூப்பிட்டு, சுற்றுச்சுவரோ கழிப்பறையோ, கழகம் எதை எடுத்துச் செய்யும் என்று கேளுங்கள். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: தலைமையாசிரியரைத் தூது விடாதீர்கள். அவர் கழகத்தில் செயலர், மேலாண்மைக் குழுவில் கூட்டத்தைக் கூட்டும் அழைப்பாளர். இரண்டு பக்கமும் இழுத்தால், கடைசியில் யார் கூப்பிட்டாலும் "மேலிடத்தில் கேட்கிறேன்" என்று ஒதுங்கிவிடுவார்.

கேள்வி: எல்லாம் பேசிப் பார்த்தாயிற்று. விலகிவிடலாமா?

பதில்: குழுவில் ஆசிரியர் பிரதிநிதி இருக்கிறார், உள்ளாட்சி உறுப்பினர் இருக்கிறார். இருவரில் உங்கள் இரண்டு பேருக்கும் பொதுவானவரை வைத்து ஒருமுறை பேசுங்கள். ஆனால் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினாலோ மிரட்டினாலோ, சமரசம் பேசிக்கொண்டிருக்காதீர்கள். வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், சாதி வசவு என்றால் காவல் நிலையத்துக்கும் போங்கள். வெறும் மனத்தாங்கல்தான், ஆனாலும் முடியவில்லை என்றால் விலகுவது தப்பில்லை. போகும்போது பதிவேடு, ரசீதுப் புத்தகம், மீதிப் பணம் மூன்றையும் ஒப்படைத்து, வாங்கியவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.