கீபோர்ட் பிந்துவது வேறு, தாளம் விலகுவது வேறு

கேள்வி: கல்லடியில் வீட்டிலேயே விண்டோஸ் லெப்டொப், கியூபேஸ் என்ற ரெக்கோர்டிங் மென்பொருள், யமஹா பிஎஸ்ஆர் கீபோர்ட் வைத்துப் பாட்டு ரெக்கோர்ட் செய்கிறேன். கட்டையை அமத்தினால் சத்தம் பிந்தி வருகிறது. ஸ்டைல் (கீபோர்ட் தானாக வாசிக்கும் தாளப் பின்னணி) போட்டு ரெக்கோர்ட் செய்தால் போகப்போகத் தாளம் விலகுகிறது. என்ன செய்யலாம்?

பதில்:

இவை இரண்டும் இரண்டு கோளாறு. ஒன்றுக்குச் செய்வது மற்றதைத் தீர்க்காது.

சத்தம் பிந்துவதற்கு முதலில் ஹெட்போனைப் பாருங்கள். புளூடூத் என்றால் கழற்றி வைத்துவிட்டு வயர் ஹெட்போன் போடுங்கள். புளூடூத்தில் 100 மில்லிசெக்கனுக்கு மேல் பிந்துவது சாதாரணம், எந்த செட்டிங்கும் அதைத் திருத்தாது. மறுகா கியூபேஸின் ஸ்டூடியோ செட்டப்பில் ஏசியோ டிரைவரை (சத்தத்தைக் குறைந்த பிந்தலோடு கொண்டுபோகும் மென்பொருள்) தெரிவுசெய்து, பஃபரை, அதாவது வெளியே விடுமுன் ஒருமுறை சேர்த்துவைக்கும் சத்தத்தின் அளவைப் பாருங்கள். 44,100 ஹேர்ட்ஸில் 1024 சாம்பிள் என்றால் 23 மில்லிசெக்கன், விரலுக்குத் தெரியும். 128 என்றால் 3 மில்லிசெக்கனுக்குள். டிரைவர் தன் பங்குக்குக் கொஞ்சம் கூட்டும், ஆனாலும் வாசிக்கலாம். 128இல் படபடவென்று வெடித்தால் 256க்கு ஏற்றுங்கள். மிக்ஸ் செய்யும்போது 1024க்கே போகலாம், அங்கே பிந்தினால் நட்டமில்லை. மாஸ்டர் சனலில் லிமிட்டர், லீனியர் ஃபேஸ் ஈக்யூ போன்ற எஃபெக்ட் கிடந்தால் ரெக்கோர்ட் முடியும்வரை நிறுத்தி வையுங்கள். பஃபரை எவ்வளவு குறைத்தாலும் அவை தம் பிந்தலைச் சேர்த்துக்கொண்டே இருக்கும்.

கேட்கும்போது சரியாக இருந்து, ரெக்கோர்டான நோட் எல்லாம் ஒரே அளவு முந்தியோ பிந்தியோ விழுந்தால் குற்றம் பஃபரில் இல்லை, நோட் வந்த நேரத்தைக் குறிக்கும் நேர முத்திரையில். மிடி (கீபோர்டும் லெப்டொப்பும் நோட்டையும் தாளத்தையும் பரிமாறும் முறை) போர்ட் செட்டப்பில் 'யூஸ் சிஸ்டம் டைம்ஸ்டாம்ப்' என்பதை மாற்றிவிட்டு, மெட்ரோனோமுக்கு நாலு பார் வாசித்துப் பாருங்கள்.

இனித் தாளம். கீபோர்ட் ஸ்டைல் தன் மணிக்கூட்டில் ஓடுகிறது, கியூபேஸ் தன்னுடையதில். இரண்டிலும் டெம்போ 96 என்று போட்டாலும் சில நிமிடத்தில் விலகலாம். ஒன்று முதலாளி, மற்றது பின்செல்ல வேண்டும். டிரான்ஸ்போர்ட் மெனுவில் புரொஜெக்ட் சிங்க்ரனைசேஷன் செட்டப்பைத் திறந்து, மிடி குளொக் போகும் இடமாக உங்கள் கீபோர்டின் போர்ட்டைக் குறியுங்கள். கீபோர்டின் பங்ஷன் மெனுவில் எக்ஸ்டேர்னல் குளொக்கை ஒன் செய்யுங்கள். குளொக் ஒரு கால் நோட்டுக்கு 24 துடிப்பு அனுப்பும். 120 டெம்போவில் ஏறக்குறைய 21 மில்லிசெக்கனுக்கு ஒன்று. வேலை முடிந்ததும் எக்ஸ்டேர்னலை ஓஃப் செய்ய மறக்க வேண்டாம். லெப்டொப் இல்லாமல் கச்சேரிக்குக் கொண்டுபோனால் ஸ்டைல் தொடங்கவே தொடங்காது, கீபோர்ட் பழுது என்று மேடையில் நின்று முழிக்க வேண்டிவரும்.

ஒரு கட்டைக்கு இரண்டு சத்தம் வந்தால் கீபோர்டில் லோக்கல் கொன்ட்ரோலை (கட்டை நேரே கீபோர்டின் சத்தத்தை எழுப்பும் வழி) ஓஃப் செய்யுங்கள்.

பிசகு ஒழுங்கில்லாமல் வந்தால் யூஎஸ்பி ஹப்பை எடுத்துவிட்டு நேரே குத்துங்கள். பவர் பிளானில் யூஎஸ்பி செலெக்டிவ் சஸ்பென்டையும், ரெக்கோர்ட் நேரத்தில் வைஃபையையும் நிறுத்துங்கள். சித்திரை வெக்கையில் லெப்டொப் சூடேறி வேகம் குறைந்தாலும் வெடிப்புச் சத்தம் வரும், மெத்தையில் வைக்காதீர்கள். கடற்கரைப் பக்கம் என்பதால் யூஎஸ்பி முனை உப்புக்காற்றில் கறுக்கும். நோட் நிற்காமல் இழுத்துக்கொண்டே போனால் வயரை மாற்றிப் பாருங்கள்.

மிச்சமிருக்கும் கைப்பிசகுக்கு நோட்டைத் தாளத்துக்கு இழுக்கும் குவாண்டைஸ் இருக்கிறது, ஆனால் நூறு வீதம் போடாதீர்கள். நம்மூர் வசந்தன் கூத்து மெட்டென்றால் நடையே செத்துப்போகும். 50, 60 வீதம் போதும்.