பனி பெய்கிறதா, படிகிறதா?

சொல்லும் பொருளும் – வாசகர் கேள்வி பதில்

“ஊட்டியில் கடும் பனிப்பொழிவு” என்று ஜனவரி வந்தாலே செய்தி போடுகிறார்கள். படத்திலும் புல்வெளி வெள்ளையாகத்தான் இருக்கிறது. காஷ்மீரில் விழுவதும் இதுவும் ஒன்றா?
– வாசகர், திண்டுக்கல்

ஒன்றல்ல. காஷ்மீரில் மேகத்துக்குள் உருவாகும் பனிப் படிகங்கள் தரைக்கு இறங்கி வருகின்றன. அதுதான் பனிப்பொழிவு. அதற்கு மேகம் வேண்டும். ஊட்டியில் நடப்பது இதற்கு நேர்மாறு. மேகமே இல்லாமல் நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரிகிற, காற்று அசையாத இரவில், புல் தன் சூட்டை வானத்தை நோக்கி இழந்துகொண்டே இருக்கிறது. புல்நுனி 0 டிகிரிக்குக் கீழே போனதும், அதை ஒட்டிய காற்றில் உள்ள நீராவி தண்ணீராக மாறாமலே நேராகப் பனித்துகளாக அதன்மேல் ஒட்டிக்கொள்கிறது. இதன் பெயர் உறைபனி. இது பெய்வதில்லை, படிகிறது.

குழப்பத்துக்குக் காரணம் நம் ‘பனி’ என்ற சொல்தான். விடிகாலையில் இலையில் உருளும் துளியும் பனி, சாலையை மறைக்கும் புகைபோன்ற மூட்டமும் பனி, இமயத்தில் கிடப்பதும் பனி. மார்கழி, தை முன்பனிக்காலம். மாசி, பங்குனி பின்பனிக்காலம். தமிழ்நாட்டுச் சமவெளியில் நாம் காண்பதெல்லாம் துளியும் மூட்டமும்தான் என்பதால் இந்த ஒரு சொல்லே போதுமாக இருந்தது. பேச்சில் ‘பனி பெய்யுது’, ‘பனி இறங்குது’ என்பதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அச்சில் போடும்போது முன்னாலோ பின்னாலோ ஒரு சொல் சேர்த்தே ஆக வேண்டும்: பனித்துளி, மூடுபனி, உறைபனி. மூடுபனி என்பதற்கு வானிலைத் துறையில் அளவே உண்டு. 1 கிலோமீட்டருக்கு அப்பால் கண் தெரியாவிட்டால்தான் அந்தப் பெயர். நீலகிரிக்காரர்கள் இதில் தெளிவாக இருக்கிறார்கள். பருவத் தொடக்கத்தில் துளியாகப் படிவதை நீர்ப்பனி என்றும், பிறகு வெள்ளையாகப் படிவதை உறைபனி என்றும் பிரித்தே சொல்வார்கள்.

மரத்தடியில் பனி இருக்காது என்பதை வைத்துத்தான் பனி மேலிருந்து விழுகிறது என்று பலரும் நம்பினார்கள். மரம் தடுப்பது உண்மை. ஆனால் அது தடுப்பது கீழே வரும் பனியை அல்ல, மேலே போகும் சூட்டை. கிளைகள் மூடியிருக்கும் தரை அவ்வளவு குளிர்வதில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தெர்மாமீட்டர் 3 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. ஆனாலும் பள்ளத்துச் செடிகள் கருகிவிட்டன. சில இடங்களில் வெள்ளையாகப் படியக்கூட இல்லை. உறைபனிதானா, நோயா?
– வாசகர், கோத்தகிரி

உறைபனிதான். தெர்மாமீட்டரை எந்த உயரத்தில் மாட்டியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். வானிலை நிலையங்களில் தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றேகால் முதல் 2 மீட்டர் உயரத்தில், பெட்டிக்குள் வைப்பார்கள். தெளிந்த இரவில் அங்கே 3 டிகிரி இருக்கும்போது, புல் மட்டத்தில் 0-க்குக் கீழே போயிருக்கும். குறைந்தபட்ச வெப்பநிலை காட்டும் கருவி ஒன்றைச் செடியின் தலை மட்டத்திலேயே, மேலே எந்த மறைப்பும் இல்லாமல் ஓர் இரவு வைத்துப் பாருங்கள். உங்கள் தோட்டத்தின் உண்மைக் கணக்கு அதுதான்.

பள்ளம் முதலில் கருகுவதற்குக் காரணம், குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் தண்ணீர்போல வழிந்து தாழ்வான இடத்தில் தேங்கும். தோட்டத்தின் கீழ் ஓரத்தில் அடர்ந்த வேலியோ புதரோ இருந்தால் அது அணைபோலக் குளிரைத் தேக்கிவைக்கும். அங்கே இரண்டு மூன்று இடங்களில் திறப்பு விட்டால் குளிர் கீழே வடிந்துவிடும்.

வெள்ளை தெரியாமல் கருகியதற்குக் காரணம் காற்றின் வறட்சி. படிவதற்கு வேண்டிய ஈரம் காற்றில் இல்லாவிட்டாலும் இலைக்குள் இருக்கும் நீர் உறையும். செல்களுக்கு நடுவே உருவாகும் பனிக்கட்டி, செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுத்துக்கொள்கிறது. உறைதல் வேகமாக நடந்தால் செல்லே கிழிந்துவிடும். காலையில் இலையைத் தொட்டுப் பாருங்கள்: வெந்த கீரைபோலக் கரும்பச்சையாகத் துவண்டிருக்கும். வெயில் ஏறினதும் பழுப்பாகி, பிறகு முறுமுறுவென்று காய்ந்துவிடும். நோயானால் புள்ளியாகவோ ஓரத்திலிருந்தோ பரவ நாள் பிடிக்கும். இது ஒரே காலையில் மேல் இலைகள் முழுவதையும் பிடித்துவிடும்.

செய்ய வேண்டியது: நாற்றையும் இளஞ்செடியையும் மாலை வெயில் தாழும் முன்னே மூடிவிடுங்கள். நிலத்தின் சூடு உள்ளே அடைபட வேண்டும் என்பதுதான் நோக்கம். இருட்டிய பிறகு மூடினால் பாதிச் சூடு போயிருக்கும். மலையில் தாகைச் செடியை வெட்டிவந்து மூடும் வழக்கம் நல்ல வழக்கம். பிளாஸ்டிக் விரிப்பானால் குச்சி நட்டு இலையில் படாமல் கட்டுங்கள். பட்ட இடத்தில் இலை கருகும். காலையில் எடுத்துவிட வேண்டும். பகலில் மண்ணை நனைத்து வையுங்கள். காய்ந்து பொலபொலத்த மண்ணைவிட ஈரமண் பகல் சூட்டை அதிகம் சேர்த்துவைத்து இரவில் விடும்.

உறைபனி இரவில் செடிமேல் நீர் தெளித்துக் காக்கும் தெளிப்பானுக்கும் ஒரு விதி உண்டு. 1 கிராம் நீர் உறையும்போது 80 கலோரி வெப்பத்தை வெளிவிடுகிறது. அந்தச் சூடுதான் செடியைக் காப்பது. ஆகவே தொடங்கினால் விடிந்து பனிக்கட்டி உருகும்வரை நிறுத்தக் கூடாது. நடுஇரவில் மோட்டார் நின்றால், ஆவியாகும் நீர் சூட்டை உறிஞ்சி, தெளிக்காமல் விட்டதைவிட மோசமாகும். மின்சாரம் நம்பிக்கையில்லை என்றால் இதில் இறங்கவே வேண்டாம்.

கருகிய இலையை உடனே கவாத்து செய்ய வேண்டாம். அடுத்த இரவு உறைபனி வந்தால் அந்தச் சருகுதான் கீழ்த்தளிருக்குப் போர்வை. புதுத்துளிர் எங்கே கிளம்புகிறது என்று தெரிந்தபின் வெட்டுங்கள்.

பாலுக்கு உறை ஊற்றுகிறோம். உறைபனியிலும் அதே ‘உறை’ வருகிறதே?
– வாசகி, மதுரை

அதே சொல்தான். ஓடுகிற பொருள் ஓட்டம் நின்று கெட்டிப்படுவதைத் தமிழ் ‘உறைதல்’ என்கிறது. பால் உறைகிறது, இரத்தம் உறைகிறது, நெய் உறைகிறது, மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலோடு உறைகிறது. எத்தனை டிகிரி என்பதைச் சொல் பார்ப்பதில்லை. தேங்காய் எண்ணெய்க்கு 24 டிகிரியை ஒட்டிய குளிரே போதும், தண்ணீருக்கு 0 வேண்டும். பாலுக்கோ குளிர் எதிரி. கைபொறுக்கும் சூட்டில் மோர் விட்டு, குளிர்காலமானால் பாத்திரத்தைத் துணி சுற்றி வைத்தால்தான் தயிர் விழும். அதனால்தான் அறிவியலில் ‘உறைநிலை’ என்று எழுதும்போது எந்தப் பொருளின் உறைநிலை என்பதையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் நுவரெலியாப் பக்கம் வானிலை அறிக்கையில் ‘துகள் உறைபனி’ என்று வாசிக்கிறார்கள். இது வேறு வகையா?
– வாசகர், ஹட்டன்

ஊட்டியில் படியும் அதே பனிதான். அழகான சொல்லாட்சி, தமிழ்நாட்டு ஊடகங்களும் எடுத்துக்கொள்ளலாம். புல்லில் படிந்ததை விரலால் தட்டினால் பொடிப்பொடியாக உதிரும் இல்லையா, அந்தத் துகள்தன்மையை இந்தப் பெயர் அப்படியே காட்டிவிடுகிறது. ஏற்கெனவே படிந்த பனித்துளி பிறகு உறைந்தால் கண்ணாடி மணிபோல இருக்கும். அது எளிதில் உதிராது.

ஃபிரீசரில் கட்டிக்கொள்ளும் ஐஸை என்ன பெயரால் சொல்வது? கத்தியால் சுரண்டலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

அதுவும் உறைபனிதான். கதவு வழியாக வரும் ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் படிகிறது. கத்தி வேண்டவே வேண்டாம். சுவருக்குப் பின்னால் ஓடும் குழாயில் சிறு ஓட்டை விழுந்தாலும் கேஸ் முழுதும் போய்விடும். அரை சென்டிமீட்டர் கட்டியதும் சுவிட்சை அணைத்து, கதவைத் திறந்துவைத்து, உள்ளே ஒரு கிண்ணம் வெந்நீர் வையுங்கள். ஒரு வாரத்திலேயே திரும்பக் கட்டினால் கதவு ரப்பரைச் சோதியுங்கள். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தால் பிடிமானம் இல்லாமல் வரும் இடத்தில்தான் காற்று புகுகிறது.

மொழிபெயர்ப்பில் ‘பனிப்பாறை உருகுகிறது’, ‘பனிப்பாறை மோதி கப்பல் மூழ்கியது’ என்று இரண்டுக்கும் ஒரே சொல் வருகிறது. சரியா?
– வாசகர், கோயம்புத்தூர்

கங்கோத்திரியில் இருப்பது பனியாறு. மலைச்சரிவில் தன் எடையால் மெல்ல நகர்கிறது. 1912-இல் டைட்டானிக் மோதியது பனிப்பாறை. பனியாற்றின் நுனி உடைந்து கடலில் மிதப்பது. மலையிலிருந்து திடீரென்று சரிந்து விழுவது பனிச்சரிவு. மழையோடு விழும் கட்டிக்கு ‘பனிக்கட்டி மழை’ என்று புதிதாக எழுத வேண்டியதில்லை, ஆலங்கட்டி என்று ஊரே சொல்கிறது. ஆலம் என்றால் நீர். சங்கப் பாட்டில் அதன் பெயர் ஆலி.

குளிர் காய்கிறோம் என்றால் சூடேற்றிக்கொள்கிறோம். சொல்லில் குளிர் ஏன் வருகிறது?
– வாசகி, சேலம்

வெயில் காய்வது என்றால் வெயிலில் இருந்து சூடு பெறுவது. தீக்காய்வதும் அப்படித்தான், குறளில் ‘தீக்காய்வார்’ என்றே வருகிறது. குளிர் காய்வதில் மட்டும் முன்னால் வருவது சூடு தருவது அல்ல, சூடு தேவைப்பட்ட காரணம். ஈரத் துணியைக் காயவைப்பதுபோல உடம்பில் ஏறிய குளிரைக் காயவைக்கிறோம்.