டெபாசிட்டைத் தொட மனமில்லை, கார்டு கடனோ வளர்கிறது

கேள்வி: ஐயா, கிரெடிட் கார்டில் இரண்டு மாதச் சம்பள அளவுக்குப் பாக்கி இருக்கிறது. வட்டி மாதம் 3 சதவீதம். குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டுகிறேன். இன்னொரு பக்கம் மூன்று மாதச் சம்பளம் 6 சதவீத ஆண்டு வட்டியில் டெபாசிட்டாகக் கிடக்கிறது. அவசரத்துக்கு என்று வைத்தது, தொட மனமில்லை. அண்ணன் பணம் கேட்டால்கூட கார்டில்தான் எடுத்துக் கொடுக்கிறேன். செலவு செய்யும்போதெல்லாம் சில்லறையைத் தானாகச் சேமிக்கும் செயலியில் சேரலாமா?

பதில்: செயலி வேண்டாம். மூன்று மாதச் சம்பளத்தைத் தொடாமல் வைத்திருக்கும் உங்களுக்குச் சேமிக்கத் தெரியாதா என்ன? டெபாசிட்டை உங்கள் பணமாகவும் கார்டை யாரோ கொடுத்த பணமாகவும் நினைக்கிறீர்கள், அதுதான் பிரச்சினை. மனம் இப்படித் தனித்தனிப் பெட்டிகளாகப் பணத்தைப் பிரிப்பதைப் பற்றி நிறைய எழுதியவர் ரிச்சர்ட் தாலர், 2017-இல் பொருளாதார நோபல் பெற்றவர்.

சரி, சம்பளம் 100 என்று வையுங்கள். பாக்கி 200. வட்டிக்கு வட்டியை விட்டுவிட்டாலும் ஆண்டுக்கு 72 போகிறது. டெபாசிட்டில் அதே 200-க்கு வருவது 12. வித்தியாசம் 60. வருடத்தில் அரை மாதத்துக்கு மேல் வட்டிக்காகவே வேலைக்குப் போகிறீர்கள்!

இந்த வாரமே டெபாசிட்டிலிருந்து எடுத்துப் பாக்கியை முழுசாக அடையுங்கள். முன்கூட்டி உடைத்தால் வட்டியில் கொஞ்சம் பிடிப்பார்கள், பிடிக்கட்டும். கை நடுங்கும், எனக்குத் தெரியும். 300 இருந்த இடத்தில் 100 என்றால் மனம் அதை இழப்பாகத்தான் பார்க்கும். ஆனால் கடன் போக உங்களிடம் இதுவரை இருந்ததும் அந்த 100தான்.

அப்புறம் செய்வதுதான் முக்கியம். அடைத்த கார்டு மறுபடி நிரம்புவதை நிறையப் பார்த்திருக்கிறேன். கார்டுக்குக் கட்டிவந்த தொகை சம்பளத்தன்றே டெபாசிட்டுக்குப் போகும்படி வங்கியில் எழுதிக் கொடுங்கள். அடுத்த சம்பள உயர்விலும் பாதி அங்கே போகட்டும். அதை உயர்வு கைக்கு வருமுன்பே முடிவு செய்துவிடுங்கள். தாலரும் ஷ்லோமோ பெனார்ட்சியும் ஒரு நிறுவன ஊழியர்களிடம் இந்த வழியைச் சோதித்து 2004-இல் வெளியிட்டார்கள். அதில் சேர்ந்தவர்களின் சேமிப்பு சம்பளத்தில் 3.5 சதவீதமாக இருந்தது, 40 மாதத்தில் 13.6 ஆனது. கைக்கே வராத பணம் போனதாக மனம் நினைப்பதில்லை.

அண்ணன் அடுத்த முறை கேட்டால், "இதற்காக டெபாசிட்டை உடைப்பேனா?" என்று யோசியுங்கள். உடைக்க மாட்டீர்கள் என்றால் கார்டையும் எடுக்காதீர்கள். "என்னிடம் இருப்பதே ஒரு மாதச் சம்பளம்தான் அண்ணா" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். அது பொய்யும் இல்லை.