ஆற்றங்கரைக் காட்டில் ஒரு காலைப்பொழுது: கேள்வி பதில்

கே: விலங்கும் பறவையும் பார்க்க ஆற்றங்கரைக் காட்டுக்கு மூன்று தடவை போய்விட்டேன் அண்ணா. அணிலைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை. எங்கே தவறு?

ப: நடந்துகொண்டே இருந்திருப்பீர்கள். நம் காலடிச் சத்தம் நமக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும். பூங்கா திறந்ததும் முதல் ஆளாகப் போய், ஆறு வளைகிற இடத்தில் ஒரு மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். வளைவில் இரண்டு பக்கத்துத் தண்ணீரும் தெரியும். காற்று எதிர்க்கரையிலிருந்து உங்கள் முகத்தில் வீச வேண்டும். உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசினால், தண்ணீர் குடிக்க வரும் மான் உங்களைப் பார்ப்பதற்கு முன்பே மோப்பம் பிடித்துத் திரும்பிவிடும். முதல் அரை மணி நேரம் எதுவும் நடக்காமல் போகலாம். தயவுசெய்து எழுந்துவிடாதீர்கள். நாம் வந்து கலைத்தது அடங்க அவ்வளவு நேரமாவது வேண்டும்.

கே: முதலை உள்ள ஆறாக இருந்தால்?

ப: உயரமான கரையில், தண்ணீரை விட்டு நன்றாகத் தள்ளி உட்காருங்கள். விளிம்பில் குனிந்து முகம் கழுவுவதுகூட வேண்டாம்.

கே: நீர்நாய் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: முதலில் பாறைகளைப் பாருங்கள். தண்ணீரை ஒட்டித் துருத்திக்கொண்டிருக்கும் பாறைமேல் எச்சமிடுவது அதன் பழக்கம். குச்சியால் கிளறினால் மீன் செதிலும் முள்ளும் தெரியும், சில சமயம் நண்டின் ஓடும் இருக்கும். ஈர மணலில் நாயின் தடத்தில் நான்கு விரல்தான் பதியும், நீர்நாய்க்கு ஐந்து. எச்சம் ஈரம் காயாமல் இருந்தால், மறுநாள் அந்தப் பாறை தெரிகிற மறைவில் காத்திருக்கலாம்.

கே: ஐயா, ஆற்று நடுவே அழகான மணல்திட்டு இருக்கிறது. பிள்ளைகளோடு போய் உட்காரலாமா?

ப: வேண்டாம் அம்மா. ஆலா, ஆள்காட்டி ஆகிய பறவைகள் கூடு கட்டாமல் வெறும் தரையிலேயே முட்டையிடும். முட்டை கூழாங்கல் நிறத்தில் இருப்பதால் மிதிக்கும்வரை தெரியாது. ஒருமுறை ஆள்காட்டி ஒன்று என் தலைக்கு மேலேயே கத்திச் சுற்றியது. புரியாமல் இன்னும் இரண்டு அடி வைத்தேன். குனிந்து பார்த்தால் பாதத்துக்கு ஒரு சாண் தள்ளி நான்கு முட்டைகள். இன்றும் நினைத்தால் உடம்பு பதறுகிறது. மிதிக்காவிட்டாலும் தீங்குதான். வெயிலில் தாய்ப்பறவை மேலே நின்று நிழல் கொடுக்கும். நாம் அங்கே உட்கார்ந்திருந்தால் அது வராது, சுடுமணலில் முட்டைக்குள்ளேயே குஞ்சு செத்துவிடும்.

கே: வானம் தெளிவாக இருந்தால் வெள்ளம் வராதுதானே?

ப: வரும். மேலே மலையில் பெய்த மழை இங்கே வந்து சேர நேரமாகும், அவ்வளவுதான். தெளிந்த தண்ணீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ உடனே மேட்டில் ஏறுங்கள், பையை எடுக்கக்கூட நிற்காதீர்கள். வேகமாக ஓடும் தண்ணீர் 15 செ.மீ. ஆழத்திலேயே வளர்ந்தவரின் காலை வாரிவிடும்.

கே: பைனாகுலர் 8×42 வாங்கவா, 10×42 வாங்கவா?

ப: 8×42. முதல் எண், எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது; 42, முன்பக்கக் கண்ணாடியின் அகலம் மி.மீ. கணக்கில். பத்து மடங்கில் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25, கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் அத்தனை மி.மீ. மற்றதில் 4.2 மட்டுமே. விடியற்கால மங்கலில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

கே: ஆற்றுத் தண்ணீர் குடிக்கலாமா?

ப: கண்ணாடிபோல் இருந்தாலும் அப்படியே குடிக்காதீர்கள். தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிடுங்கள். 2000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம்.

கே: ஃபோனில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கலாமா?

ப: கூடாது. தன் எல்லைக்குள் வேறொன்று நுழைந்துவிட்டதென்று, குஞ்சுக்கு ஊட்டுவதையும் விட்டுவிட்டு அது சண்டைக்கு வரும். அதற்குப் பதில் எதிர்க்கரையின் மண்சுவரைப் பாருங்கள். ஓர் ஓட்டையும் அதன் கீழே வெள்ளை எச்சக் கோடும் தெரிந்தால், மீன்கொத்தியின் வீடாக இருக்கலாம். இந்தக் கரையிலேயே இருந்து பாருங்கள். அது கொண்டுவரும் மீனின் தலை அலகுக்கு வெளியே பார்த்திருந்தால், அந்த மீன் அதற்கல்ல, குஞ்சுக்கோ இணைக்கோ.