முதலில் அறை, அப்புறம் ஆம்ப்: ஹை-ஃபை கேள்வி பதில்

வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பதற்கான அறையைப் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதிக்கு மேல் "எந்த ஆம்ப் (ஸ்பீக்கரை இயக்கும் ஆம்ப்ளிஃபயர்) வாங்கலாம்?" என்ற ரகம். அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பதில், ஏற்கெனவே இருக்கும் ஆம்பை அப்படியே வைத்துக்கொண்டு அறையைக் கவனியுங்கள் என்பதுதான். விளக்கம் தேவைப்படுகிற கேள்விகளை மட்டும் கீழே எடுத்துக்கொண்டேன்.

கோவையிலிருந்து ஒரு நண்பர்: அண்ணா, என் அறை 12க்கு 10 அடி, உயரம் 10 அடி. டைல்ஸ் தரை, பூசிய செங்கல் சுவர். கடையில் கேட்டபோது அருமையாக இருந்த ஸ்பீக்கர், வீட்டுக்கு வந்ததும் கணகணவென்று கத்துகிறது. பாடகர் என்ன பாடுகிறார் என்றே புரியவில்லை. ஆம்பை மாற்றவா?

வேண்டாம் தம்பி. அறை நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டுங்கள். ‘ட்ர்ர்ங்’ என்று ஒரு வால் வருகிறதா? உங்கள் ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் அதே வால் முளைக்கிறது. அடுத்த சொல் அதில் மூழ்கிவிடுகிறது.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை அரங்கில் பேச்சே புரியவில்லை. வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியரிடம் சரிசெய்யச் சொன்னார்கள். அவர் பக்கத்து நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவோடு இரவாகத் தூக்கிவந்து அடுக்கி, எத்தனை மெத்தைக்கு எதிரொலி எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். அதிலிருந்து பிறந்த சூத்திரம்: அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, அறையில் உள்ள மொத்த உறிஞ்சும் பரப்பால் வகுத்தால், ஒலி 60 டெசிபல் அடங்க எத்தனை வினாடி ஆகும் என்று தெரியும்.

உங்கள் அறை சுமார் 34 கன மீட்டர். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்த்து 63 சதுர மீட்டர். பூசிய சுவரும் டைல்ஸும் படும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்குதான் உறிஞ்சும் என்று வைத்தால், மொத்த உறிஞ்சும் பரப்பு 2 சதுர மீட்டர்கூடத் தேறாது. வகுத்தால் கிட்டத்தட்ட 3 வினாடி வருகிறது. கதவு, ஜன்னல், கட்டில் எல்லாம் இருப்பதால் நிஜத்தில் கொஞ்சம் குறையும். ஆனால் பாட்டுக் கேட்கும் சிறிய அறைக்கு 0.3 முதல் 0.5 வினாடி போதும். 0.4க்குக் கொண்டுவர 13, 14 சதுர மீட்டர் உறிஞ்சும் பரப்பு தேவை.

எங்கிருந்து கொண்டுவருவது? தரையில் அடியில் நமுதா (கம்பளி அழுத்திச் செய்த தடித்த விரிப்பு) போட்ட தடிமனான கம்பளம். ஜன்னலுக்கு இழுத்து விரிக்காமல் மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கனமான திரை. துணி உறை போட்ட சோஃபா. பழைய இலவம்பஞ்சு மெத்தை ஒன்றைச் சுவரோரம் சாய்த்து வைத்துப் பாருங்கள், செலவில்லாமல் வித்தியாசம் தெரியும். இவற்றுக்குப் பிறகும் போதவில்லை என்றால் 2 இன்ச் ராக்வூல் (பாறையை உருக்கி இழைத்த பஞ்சு) பேனல்கள் நான்கோ ஆறோ செய்யலாம். தச்சரிடம் மரச்சட்டம் அடித்து, கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி உள்ள ராக்வூலை உள்ளே வைத்து, மெல்லிய துணி போர்த்தினால் முடிந்தது. துணி வழியாக வாயால் ஊதினால் காற்று போக வேண்டும், அதுதான் துணிக்கான தேர்வு. வெட்டும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம்.

அவரே மறுபடி: ராக்வூலுக்குப் பதில் முட்டை அட்டையோ ஃபோமோ ஒட்டலாமா?

முட்டை அட்டை வேண்டாம். ஒலியை ஒழுங்காக உறிஞ்சாது, தீ மட்டும் நன்றாகப் பிடிக்கும். 1 இன்ச் ஃபோம் உயர்ந்த சுரங்களை மட்டும் தின்றுவிட்டு நடுப்பகுதியையும் பேஸையும் (தாழ்ந்த சுரங்களையும்) அப்படியே விட்டுவிடும். சுவர் முழுக்க ஒட்டினால் அறை மந்தமாகவும் இருக்கும், இரைச்சலாகவும் இருக்கும்.

சென்னை, அடுக்குமாடியில் இருப்பவர்: எனக்கு எதிரொலி இல்லை. ஆனால் பேஸ் கிடாரில் சில சுரங்கள் மட்டும் ‘பும்’ என்று வீங்குகின்றன, சில காணாமலே போகின்றன. மிருதங்கத்தின் இடந்தலை எல்லாம் ஒரே ஒலியாகக் கேட்கிறது. சோஃபா பின்சுவரை ஒட்டி இருக்கிறது. அறை 12க்கு 10.

கடைசிக்கு முந்திய வாக்கியத்திலேயே பாதிப் பதில் இருக்கிறது.

எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி அலையின் பாதி நீளம் கச்சிதமாகப் பொருந்தும்போது அந்தச் சுரம் அறைக்குள் சிக்கிக்கொண்டு பெருக்கும். ஒலி வினாடிக்குச் சுமார் 345 மீட்டர் போகிறது. 12 அடிக்கு அது 47 ஹெர்ட்ஸ், 10 அடிக்கு 56 அல்லது 57 ஹெர்ட்ஸ், அப்புறம் இவற்றின் மடங்குகள். உங்கள் கூரையும் 10 அடி என்றால் அகலமும் உயரமும் ஒரே இடத்தில் சேர்ந்து குவிகின்றன. சதுர அறை மோசம், கனசதுர அறை மிக மோசம் என்பது இதனால்தான்.

இந்த வீக்கம் சுவரோரத்தில் உச்சமாக இருக்கும். நீங்கள் சரியாக அங்கேதான் தலையை வைத்திருக்கிறீர்கள். சோஃபாவை முன்னால் இழுங்கள். அதற்காக அறையின் நட்டநடுவுக்கும் வந்துவிடாதீர்கள், அங்கே முதல் அலை செத்துப்போய் பேஸே இருக்காது. நீளத்தில் 38 சதவீதத்தில் உட்காரலாம் என்று ஒரு வழக்கம் உண்டு. 12 அடியில் அது பின்சுவரிலிருந்து நாலரை அடி. அதைத் தொடக்கமாக மட்டும் எடுத்துக்கொண்டு, முன்னும் பின்னும் அரை அடி நகர்ந்து கேளுங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இணையத்தில் நாம் படிக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி வட அமெரிக்க வீடுகளை மனதில் வைத்து எழுதியவை. அங்கே மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த சுவர். பேஸ் பட்டதும் சுவரே கொஞ்சம் அதிர்ந்து, கொஞ்சத்தை உறிஞ்சி, மீதியில் ஒரு பங்கை வெளியே விட்டுவிடும். நம் செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் அசையாது. போன பேஸ் அப்படியே திரும்பி வரும். அங்கே ஒரு மூலையில் மட்டும் பேஸ் ட்ராப் (பேஸை உறிஞ்சும் தடித்த அடைப்பு) போதும் என்றால் இங்கே நான்கு மூலையிலும் வைக்க வேண்டியிருக்கும், அதுவும் தடிமனாக. 2 இன்ச் பேனல் 50 ஹெர்ட்ஸை ஒன்றும் செய்யாது. மூலையில் தரையிலிருந்து கூரைவரை, ஓர் அடிக்குக் குறையாத ஆழத்தில் ராக்வூல் அடைத்தால்தான் ஏதோ நடக்கும்.

அவ்வளவு இடம் இல்லையா? ஈக்யூ போடுங்கள், அதாவது குறிப்பிட்ட சுரங்களின் அளவை மட்டும் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர். அளப்பதற்கு ஆர்இடபிள்யூ என்ற மென்பொருளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், யூமிக்-1 போன்ற ஒரு யூஎஸ்பி மைக் மட்டும் வாங்க வேண்டும். வரைபடத்தில் மலையாக நிற்பதை வெட்டலாம். பள்ளத்தை ஏற்றி நிரப்பப் பார்க்காதீர்கள். நேராக வரும் ஒலியும் சுவரில் பட்டு வரும் ஒலியும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டதால் உண்டான பள்ளம் அது, நீங்கள் எவ்வளவு ஏற்றினாலும் அவ்வளவும் அடித்துக்கொண்டு போகும். ஆம்பும் வூஃபரும் (ஸ்பீக்கரில் பேஸ் ஒலிக்கும் பெரிய கோன்) சூடாவதுதான் மிச்சம். பள்ளத்துக்கு மருந்து ஸ்பீக்கரையோ நாற்காலியையோ நகர்த்துவதுதான்.

கும்பகோணம், ஓய்வுபெற்ற ஆசிரியை: என்னிடம் இருப்பவை பெரும்பாலும் பழைய மோனோ (ஒரே தடத்தில் பதிவான) கச்சேரிப் பதிவுகள். இரண்டு ஸ்பீக்கரில் போட்டால் பாட்டு நடுவில் நிற்க வேண்டும் என்கிறார்கள். எனக்கு எங்கிருந்து வருகிறது என்றே சொல்ல முடியவில்லை. குரலும் சன்னமாக இருக்கிறது. பதிவு பழையது என்பதால்தானா?

பதிவின் மேல் பழி போட வேண்டாம் அம்மா. ஸ்பீக்கர் ஒயர்களில் ஒரு பக்கம் மட்டும் சிவப்பும் கருப்பும் மாறியிருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு வூஃபர் முன்னால் வரும்போது மற்றது பின்னால் போகிறது, இரண்டும் ஒன்றையொன்று அழிக்கின்றன. ஆம்பை அணைத்துவிட்டு, ஒரே ஒரு ஸ்பீக்கரில் மட்டும் இரண்டு ஒயரையும் இடம் மாற்றிப் போட்டுக் கேளுங்கள். குரல் கெட்டியாகி நடுவில் வந்து உட்கார்ந்தால் வேலை முடிந்தது. இன்னும் மோசமானால் பழையபடியே மாற்றிவிடுங்கள்.

சொல்லப்போனால் உங்கள் மோனோ பதிவுகளைவிட நல்ல சோதனைக் கருவி கிடையாது. ஸ்பீக்கர் அமைப்பு சரியா என்று பார்க்க நான் முதலில் போடுவது மோனோவில் ஒற்றைக் குரல். இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே உள்ள தூரமும், ஒவ்வொன்றிலிருந்தும் உங்கள் தலைக்கு உள்ள தூரமும் ஏறக்குறைய சமமாக இருக்கட்டும். நூல் கட்டி அளந்தால் போதும். ட்வீட்டர் (உயர்ந்த சுரங்களுக்கான சிறிய ஒலிப்பான்) காது உயரத்தில் வர வேண்டும். பிறகு ஸ்பீக்கர்களை உங்களைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். குரல் ஓர் ஆள் அகலத்துக்குச் சுருங்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

பெயர் சொல்லாத ஒருவர்: பக்கச் சுவரில் பேனலை எங்கே மாட்டுவது?

நீங்கள் வழக்கமான இடத்தில் உட்காருங்கள். இன்னொருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரோடு ஒட்டி நகர்த்தட்டும். எந்த இடத்தில் கண்ணாடிக்குள் ஸ்பீக்கர் தெரிகிறதோ அங்கே. கூரைக்கும் இதே முறைதான். பக்கச் சுவர் எதிரொலியை முழுக்கக் கொல்ல வேண்டுமா என்பதில் ஒலியியல் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நல்ல ஸ்பீக்கர் என்றால் அந்த எதிரொலி, கண்ணெதிரே விரிவதுபோல் கேட்கும் இசை மேடையை அகலமாக்கும் என்பது ஃபிளாய்ட் டூல் போன்றவர்களின் கட்சி. நம் மொட்டைச் சுவர் அறைகளில் முதலில் பேனல் வையுங்கள். பிறகு ஒரு நாள் எடுத்துப் பார்த்து உங்கள் காதுக்கு எது பிடிக்கிறது என்று முடிவு செய்யுங்கள்.

சேலம்: ஒரு மீட்டர் நான்காயிரம் ரூபாய் ஸ்பீக்கர் கேபிள் பரிந்துரைக்கிறார்கள். வாங்கலாமா?

எலக்ட்ரிக்கல் கடையில் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் வாங்குங்கள். 5 மீட்டர் ஓடினால் போகவரச் சேர்த்து அதன் தடை 0.1 ஓமைத் தொடாது. மிச்சப் பணத்தில் கம்பளம்.

திருச்சி: என் ஸ்பீக்கர் 87 டெசிபல். 50 வாட் ஆம்ப் போதுமா, 100 எடுக்கவா?

87 டெசிபல் என்பது ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டரில் அளந்தது. நீங்கள் மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தாலும், அறையின் உதவியும் இரண்டாவது ஸ்பீக்கரும் சேர்ந்து, ஒரு வாட்டிலேயே 83, 84 டெசிபல் காதுக்கு வந்துவிடும். வீட்டில் பேசிக்கொள்வது 60தான். 50 வாட் என்றால் இன்னும் 17 டெசிபல் ஏறி நூறைத் தாண்டும். இரட்டிப்பாக்கி 100 வாட் வாங்கினால் கூடுதலாகக் கிடைப்பது வெறும் 3 டெசிபல். 50 தாராளம்.

மதுரை: டிவியை ஆம்பில் இணைத்ததிலிருந்து ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல். ஒருவர் ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை எடுத்துவிடச் சொன்னார்.

அதை மட்டும் செய்யாதீர்கள். ஆம்பின் உள்ளே ஏதாவது பழுதானால் உயிரைக் காப்பது அந்தப் பின்தான். முதலில் செட்டாப் பாக்ஸில் வரும் கேபிள் டிவி ஒயரைக் கழற்றுங்கள். இரைச்சல் நின்றால் காரணம் அதுதான்: கேபிள்காரரின் எர்த்தும் உங்கள் வீட்டு எர்த்தும் வேறு வேறாகி, நடுவில் ஒரு சுற்று உண்டாகிறது. டிவியிலிருந்து ஆம்புக்கு, ஒளி வழியாகக் கடத்தும் ஆப்டிகல் ஒயர் போட்டுவிட்டால் மின்தொடர்பே இருக்காது, பிரச்சினை தீர்ந்தது. எல்லாவற்றையும் ஒரே பிளக் போர்டிலிருந்து எடுப்பதும் உதவும். ஃபேன் ரெகுலேட்டரைத் திருகும்போது இரைச்சல் கூடிக்குறைந்தால் குற்றவாளி அது. கண்டென்சர் வகை ரெகுலேட்டருக்கு மாற்றுங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் உறுமினால், அது சதுர அலை இன்வெர்ட்டராக இருக்கும்.

தூத்துக்குடி: அப்பாவின் பழைய ஸ்பீக்கரில் கோனைச் சுற்றியிருக்கும் பஞ்சு தொட்டதும் உதிர்கிறது. தூக்கிப் போடவா? அவருடைய இசைத்தட்டுகளிலும் பூஞ்சை.

தூக்கிப் போடாதீர்கள். ஃபோம் விளிம்பு எந்த ஊரிலும் பத்துப் பதினைந்து வருடத்தில் மக்கும், கடல் காற்றுக்கு இன்னும் சீக்கிரம். காயிலும் (கோனை அசைக்கும் கம்பிச் சுருள்) கோனும் நன்றாக இருந்தால் விளிம்பை மட்டும் மாற்றித் தரும் ஸ்பீக்கர் ரிப்பேர் ஆட்கள் இருக்கிறார்கள். அதுவரை அதில் பாட்டு போட வேண்டாம், காயில் உரசி நிஜமாகவே போய்விடும். இனி புதிதாக வாங்குவதாக இருந்தால் ரப்பர் விளிம்பு உள்ளதாகப் பாருங்கள்.

தட்டுகளில் வினைல் எல்பி எது, பழைய 78 எது என்று முதலில் பிரியுங்கள். வினைலை டிஸ்டில்டு வாட்டரில் கொஞ்சம் ஐசோப்ரோப்பில் ஆல்கஹால் கலந்து, மெல்லிய தூரிகையால் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைக்கலாம். 78இல் ஆல்கஹால் படவே கூடாது. அது அரக்கில் செய்தது, கரைந்துவிடும்.

திண்டுக்கல்: இரவில் சத்தம் குறைத்தால் பேஸ் காணாமல் போகிறது. கூட்டினால் கீழ்வீட்டுக்காரர் வருகிறார்.

குறைந்த ஒலியில் நம் காதுக்கே தாழ்ந்த சுரங்கள் சரியாகக் கேட்காது. ஃபிளெட்சரும் மன்சனும் 1933இல் இதை அளந்து வரைபடமாகவே போட்டார்கள். பழைய ஆம்ப்களில் ‘லவுட்னஸ்’ என்று ஒரு பொத்தான் இருப்பது இதற்குத்தான். வெட்கப்படாமல் அமுக்குங்கள். அது இல்லாவிட்டால் பேஸ் திருகை இரவுக்கு மட்டும் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம். சுவரில் பேனல் மாட்டினால் கீழ்வீட்டுக்குச் சத்தம் போவது நிற்காது. உறிஞ்சுவது வேறு, தடுப்பது வேறு. தடுக்கக் கனம் வேண்டும், இடுக்கில்லாமல் அடைக்க வேண்டும். கதவின் அடி இடுக்குக்கு ரப்பர் பட்டை, சப்வூஃபருக்கு அடியில் தடித்த ரப்பர் மெத்தை, பத்து மணிக்கு மேல் சப்வூஃபரை அணைத்துவிடுவது. இவ்வளவுதான் வாடகை வீட்டில் முடியும்.

டொராண்டோ: எங்கள் வீட்டுப் பேஸ்மெண்டில் அமைக்கிறேன். சுவர் முழுக்க ஜிப்சம் பலகை, தரை முழுக்கக் கார்ப்பெட், கூரை 7 அடி. நீங்கள் சொன்ன எல்லா பேனலும் போடவா?

போடாதீர்கள். உங்கள் கதை நேரெதிர். அந்த அறை ஏற்கெனவே உயர்ந்த சுரங்களைத் தின்றுகொண்டிருக்கும். பேனலை இன்னும் அடுக்கினால் பாட்டு உயிரில்லாமல் போய்விடும். தாழ்ந்த கூரைதான் கவனிக்க வேண்டியது. தலைக்கு மேல், கண்ணாடி காட்டும் இடத்தில் மட்டும் இரண்டு பேனல். மீதிச் சுவரில் புத்தக அலமாரி வையுங்கள், ஒலியைச் சிதறடிக்கும். 7 அடி உயரத்துக்கு 81 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு வீக்கம் உண்டு. ஆனால் உட்கார்ந்தால் உங்கள் காது ஏறக்குறைய பாதி உயரத்தில் இருக்கும் என்பதால் அது அவ்வளவாகத் தொல்லை தராது.

ஈரோடு: மொத்தம் ஒரு லட்சம். எப்படிப் பிரிக்க?

ஸ்பீக்கருக்கு 50,000. ஆம்ப் 20,000, அதிலேயே வைஃபையில் பாட்டு எடுக்கும் வசதி இருந்தால் தனிப் பெட்டி வேண்டாம். ஸ்டாண்டுக்கு 5,000, உள்ளூர் வெல்டரிடம் சொல்லி இரும்புக் குழாயில் அடித்து மணல் நிரப்புங்கள். மீதி 25,000 கம்பளம், திரை, பேனலுக்கு. சப்வூஃபர் அடுத்த வருடம்.

வேலூர்: மே மாதத்தில் ஃபேனை அணைத்துவிட்டு எப்படி ஐயா கேட்பது?

அணைக்க வேண்டாம். பிஎல்டிசி (பிரஷ் இல்லாத மோட்டார்) ஃபேனைக் கீழ் வேகத்தில் வைத்தால் சத்தம் மிகக் குறைவு. நாற்காலிக்கு நேர் மேலே மட்டும் ஃபேன் வேண்டாம். ஏசி இருந்தால் அரை மணி நேரம் முன்பே போட்டு அறையைக் குளிரவைத்துவிட்டு, கேட்கும்போது புளோயரைக் கடைசி வேகத்துக்கு இறக்கிவிடுங்கள்.